பருமனை அளந்த பள்ளிகள்

தோ பாயோ என்னும் பெயரில் ஹொக்கியனும் மலாயும் கைகோத்து நிற்கின்றன. 'தோ' என்பது ஹொக்கியனில் பெரியது எனப் பொருள்படும். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைச் சுட்டும் 'பாயா' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. பெரிய சதுப்பு என்பதே ஊரின் பெயர். 1960களின் தொடக்கம் வரையில் அங்கே காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் அத்தாப்புக் கூரை வேய்ந்த குடிசைகளும் இருந்தன. பின்னர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்தை மேடாக்கி, குவீன்ஸ்டவுனுக்கு அடுத்த துணைநகரை அங்கு எழுப்பிற்று. 1973ஆம் ஆண்டில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகள் சிங்கப்பூரில் நடைபெற்றபோது, பன்னாட்டு வீரர்கள் தங்கியது தோ பாயோ மத்தியில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களிலேதான். அவ்வூர் நீச்சல் குளத்திலும் அப்போட்டிகள் நடந்தன. மறு ஆண்டில் ஊருக்கென ஒரு விளையாட்டரங்கமும் அமைந்தது.

உடலுக்கு உழைப்பைக் கற்பிக்க அரங்கமும் குளமும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது என்பதை அந்நாளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ, அறியோம். கம்பத்தில் வாழ்ந்தவன் கிணற்றிலும் பொதுக்குழாயிலும் நீர் சுமந்தான். தோட்டத்தில் மண் வெட்டினான். சந்தைக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்றான். அவனே அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபுகுந்தபோது குழாய் சமையலறைக்குள் வந்தது. மின்தூக்கி மாடிக்கு ஏற்றிச் சென்றது. உணவங்காடி நிலையம் வீட்டின் அடிவாரத்திலேயே அமைந்தது. 1987 நவம்பரில் பெருவிரைவு இரயில் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது, அதன் தொடக்க நிலையங்களுள் தோ பாயோவும் ஒன்று. நன்மைகளே இவை யாவும்; மறுப்பதற்கில்லை. ஆயினும், நாள்தோறும் உடலிலிருந்து கேளாமலே கழிந்துகொண்டிருந்த உழைப்பு இவற்றால் குறைந்தது. உணவோ குறையவில்லை, பெருகிற்று.

அதற்கு முந்திய தலைமுறை அறிந்தது பசியை. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் சோறாயிற்று. போர் முடிந்த பின்னும் பஞ்சம் தொடர்ந்தது. 1946இல் சமூக நலத்துறை மக்கள் உணவகங்களைத் திறந்து 35 காசுக்கு ஒரு வேளை உணவு வழங்கிற்று. அடுத்த ஆண்டில் ஊட்டமின்றி மெலிந்த சிறுவர்களுக்கென உணவூட்டு நிலையங்கள் ஏற்பட்டன. அந்நிலையங்களில் வரிசையில் நின்ற குழந்தைகள் வளர்ந்து பெற்றோராகித் தம் பிள்ளைகளின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்கள் என்றால் அதில் வியப்பேது? கொழுகொழு என்றிருக்கும் குழந்தையே நலமான குழந்தை என்னும் எண்ணம் பசியில் பிறந்தது. அவ்வெண்ணத்தை ஓர் அரசாணையால் மாற்றிவிட முடியும் என்று 1992ஆம் ஆண்டில் கருதப்பட்டது.

அவ்வாண்டில் நல்வாழ்வு முறைக்கான தேசிய இயக்கம் தொடங்கிற்று. 1993இல் பாடாங் திடலில் இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்த காட்சி பலர் நினைவில் இன்றும் இருக்கும். அதே 1992இல் கல்வி அமைச்சு பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டான உடலும் உறுதியும் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் எண்ணெயும் சர்க்கரையும் குறைக்கப்பட்டன. குளிர்நீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன. உடற்பயிற்சி நேரம் கூட்டப்பட்டது. மாணவர் அனைவரும் நிறுக்கப்பட்டனர். உயரத்திற்கேற்ற எடை இவ்வளவு என்னும் அட்டவணையோடு ஒப்பிடப்பட்டனர். எடை மிகுந்தோர் தனியே பிரிக்கப்பட்டு, இடைவேளையிலோ பள்ளி முடிந்த பின்னரோ ஓட்டமும் கயிறு தாண்டலும் செய்விக்கப்பட்டனர். உடலுறுதித் தேர்வில் தேறியோரின் விழுக்காட்டையும் எடை மிகுந்தோரின் விழுக்காட்டையும் கொண்டு பள்ளிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என விருதுகளும் வழங்கப்பட்டன.

விருது என்று வந்துவிட்டால் பள்ளி எப்படி இயங்கும் என்பதை ஆசிரியர் உலகம் நன்கறியும். கணக்கில் பின்தங்கிய மாணவனுக்குக் கூடுதல் வகுப்பு வைப்பதைப் போன்றே எடையில் முந்திய மாணவனுக்கும் கூடுதல் வகுப்பு வைக்கப்பட்டது. இங்குத்தான் ஒரு பெரும் வினா எழுகின்றது. கணக்கைப் போல எடையும் முயற்சிக்கு நேர் விகிதத்தில் பலன் தருவதா? அதை அறிய, கொழுப்பு எரிவது பற்றி மனிதன் கற்றறிந்த வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

1780களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லவாசியே, கணித மேதை லாப்லாசுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் கினிப்பன்றி என்னும் சிறு விலங்கை வைத்தார். அதன் உடற்சூட்டில் உருகிய நீரை அளந்தார். அது வெளிவிட்ட காற்றையும் அளந்தார். உயிர் மூச்சு என்பது மெதுவாக எரியும் நெருப்பே என்னும் முடிவுக்கு வந்தார். விறகு உயிர்வளியோடு சேர்ந்து எரிந்து கரியமில வாயுவாகின்றது, உணவும் அவ்வாறே. 1794இல் புரட்சியினர் அவர் தலையைக் கொய்துவிட்டனர். அவர் தந்த உண்மை நிலைத்தது.

கொழுப்பு எரிந்து எங்கே போகின்றது என்று கேட்டால், வியர்வையாய் வடிகின்றது என்பார் சிலர். தசையாய் மாறுகின்றது என்பார் சிலர். உண்மை வேறு. கொழுப்பணுக்களில் சேமிக்கப்பட்டிருக்கும் கொழுப்பு, உணவின் வரவு குறைந்து இன்சுலின் தாழும்போது, கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிகின்றது. இரத்தம் அவ்வமிலங்களைத் தசைகளுக்கும் பிற உறுப்புகளுக்கும் கொண்டு செல்கின்றது. அங்கே அணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகளில் அவை உயிர்வளியோடு சேர்ந்து எரிகின்றன. ஆற்றல் கிடைக்கின்றது, மிஞ்சுவன கரியமில வாயுவும் நீருமே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீர்மன், பிரவுன் ஆகிய இருவர் 2014இல் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டனர். பத்துக் கிலோ கொழுப்பு முற்றும் எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக் காற்றாக வெளியேறுகின்றது, எஞ்சிய 1.6 கிலோ நீராகின்றது. ஆக, மெலிந்தவன் தன் கொழுப்பின் பெரும்பகுதியை மூச்சாக விட்டிருக்கிறான். வியர்வை கொட்டுவதற்கென இடுப்பைச் சுற்றி நெகிழித்தாள் கட்டிக்கொண்டு ஓடுவோர் இழப்பது நீரை. ஒரு குவளை தண்ணீர் குடித்தால் அது மீண்டு வரும்.

உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் எடை வேகமாக இறங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் நீரே. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ அளவில் இருக்கின்றது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கின்றது. உணவு குறைந்ததும் முதலில் செலவாவது இதுவே. இரண்டு கிலோ குறைந்தது கண்டு மகிழ்பவன், மூன்றாம் வாரத்தில் முள் அசையாதது கண்டு மனம் சோர்கின்றான். மழை நீரை வருமானமாக எண்ணிக் கணக்கெழுதிய உழவனின் நிலை அது.

இனி, செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் உண்டு. அமெரிக்க மருத்துவர் விஷ்நோஃப்ஸ்கி 1958இல் இதனை ஒட்டி ஒரு வாய்பாட்டை எழுதினார்: ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்திற்கு ஒரு பவுண்டு குறையும் என்று இதிலிருந்து கொள்ளப்பட்டது. எளிமையான வாய்பாடு, ஆதலால் உலகெங்கும் பரவிற்று. ஆனால் இவ்வாய்பாட்டின்படி மூன்றாண்டுகள் ஒழுகினால் 70 கிலோவுக்கு மேல் குறைந்து, ஆளே காணாமற்போக வேண்டும். அப்படி யாரும் காணாமற்போனதில்லை.

ஏன் போவதில்லை என்பதற்கான விடை, அவ்வாய்பாடு பிறக்கும் முன்னரே கிடைத்திருந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், போருக்குச் செல்ல மனச்சான்று இடம் தராத இளைஞர் 36 பேரைக் கொண்டு ஆய்வொன்றைத் தொடங்கினார். போரினால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு மீண்டும் எவ்வாறு உணவூட்டுவது என்பதை அறிவதே நோக்கம். இருபத்து நான்கு வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே வழங்கப்பட்டது. எடையில் கால் பங்கு குறைந்தது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ எடை குறைந்த விகிதத்தையும் விஞ்சி, ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்துபோயிற்று. குளிர் தாங்காமல் நடுங்கினர். இதயத் துடிப்பு மந்தமாயிற்று. அந்த இளைஞர்கள் சமையற் புத்தகங்களைத் தேடிப் படித்தனர். கனவிலும் உணவையே கண்டனர். கட்டுப்பாடு நீங்கிய பின் அவர்களுட் பலர் வயிறு நிறைந்த பின்னும் உண்டனர். இழந்ததைக் காட்டிலும் மிகுதியான கொழுப்பைப் பெற்றனர். அவர்கள் பருத்தவர் அல்லர், நலமுள்ள நடுத்தர உடலினர் என்பது உண்மையே. எனினும் வரவு குறைந்தால் செலவைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பத் தலைவி போன்றது மனித உடல் என்பதை இவ்வாய்வு ஐயமற உணர்த்திற்று.

அக்குடும்பத் தலைவிக்குச் செய்தி சொல்பவர் யார் என்பது 1994இல் தெரிந்தது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் இயக்குநீருக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்பணுக்களே அதைச் சுரந்து, சேமிப்பு எவ்வளவு உள்ளது என்று மூளைக்கு அறிவிக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைக் கூட்டும். 2011இல் மெல்பர்னில் நடந்த ஆய்வொன்றில், பத்து வாரக் கடுங்கட்டுப்பாட்டில் மெலிந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் இயக்குநீர்கள் ஓராண்டுக்குப் பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை எனத் தெரிந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு எடையிழந்த 14 பேரை ஆறாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. 2016இல் வெளியான முடிவு இது. இழந்த எடையில் பெரும்பகுதியை அவர்கள் அதற்குள் மீண்டும் பெற்றிருந்தனர். சோம்பலென்றும் நாக்கடங்காமை என்றும் உலகம் பழித்ததில் ஒரு பெரும்பங்கு, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியே ஆகும்.

இக்கண்ணோட்டத்தில் பள்ளித் திடலுக்குத் திரும்புவோம். அரைமணி நேரம் ஓடும் சிறுவன் எரிப்பது சில நூறு கலோரிக்குள் அடங்கும். உணவங்காடியில் விற்கும் ஒரு தட்டுக் கோழிச்சோறோ ஏறத்தாழ 600 கலோரி. ஓட்டம் இதயத்திற்கு நல்லது, எலும்புக்கு நல்லது, மனத்திற்கும் நல்லது. எடையைக் குறைப்பதில் அது தனித்து நின்று பெரிதாய் எதுவும் செய்வதில்லை. அன்றியும், வளரும் பிள்ளையின் உடல் வேறு வகையானது. மெலிய வேண்டும் என்ற கட்டாயம் பல பிள்ளைகளுக்கு இல்லை. எடை ஏறாமல் இருக்க, உயரம் ஏறினாலே போதும். அதற்கு வேண்டியது காலம். ஆண்டுதோறும் விருதுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பள்ளியிடம் மிகுதியாக இல்லாததும் அதுவே.

திட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் டி, ஏ, எஃப் என மூன்றெழுத்தாகச் சுருக்கி வழங்கினர். அவற்றைப் பின்னிருந்து படித்தால் பருத்தவன் எனப் பொருள்படும் சொல் வரும். பெயரிட்டோர் இதனை எண்ணாதிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுகொண்டனர். இடைவேளையில் நண்பர்கள் உண்ணச் செல்கையில் திடலில் தனியே வரிசையாக ஓடியவர்கள் அச்சொல்லைக் கேட்டுக்கொண்டே ஓடினார்கள். கேலிக்கு அஞ்சி உண்ணாமலே இருக்கப் பழகியவர் உண்டா என்னும் கவலையும், உண்ணாமை நோய்களைக் குறித்த மருத்துவர்களின் எச்சரிக்கையும் பின்னாளில் எழுந்தன. பிள்ளையின் கணக்கேட்டில் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடலாம். பிள்ளையின் உடம்பை வட்டமிடுவதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் ஆசிரியருக்குக் கற்பித்ததில்லை.

நேர்மையாகச் சொல்வதானால், திட்டம் எண்ணிக்கையில் தோற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பதினொரு விழுக்காட்டுக்கும் மேலிருந்த எடை மிகுந்த மாணவர் எண்ணிக்கை 2006இல் 9.5 விழுக்காடாக இறங்கிற்று. சிற்றுண்டிச்சாலைச் சீர்திருத்தம் அனைத்துப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. யாரையும் தனிமைப்படுத்தவும் இல்லை. அதற்கு உரிய பாராட்டை மறுத்தல் தகாது. ஆனால் வளர்ந்தோரிடையே போக்கு எதிர்த்திசையில் சென்றது. பள்ளிக்கு வெளியே ஊர் மாறவில்லை. தேசிய சுகாதார ஆய்வின்படி 2004இல் 6.9 விழுக்காடாயிருந்த உடற்பருமன் 2010இல் 10.8 விழுக்காடாயிற்று. திட்டத்தின் முதல் மாணவர்கள் அதற்குள் வளர்ந்தோர் பட்டியலில் சேர்ந்துவிட்டிருந்தனர்.

தமிழர் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்றும் இக்காலத்தில் வெளிப்பட்டது. எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுக்கும் முறையைப் பெல்ஜிய நாட்டு கெட்லே 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்திருந்தார். அதற்கு 1972இல் உடற்பருமன் குறியீடு என்னும் பெயரை நிலைநிறுத்தியவர் மினசோட்டா ஆய்வை நடத்திய அதே கீஸ். ஐரோப்பியர்க்கு இக்குறியீடு 25ஐத் தாண்டினால் எடை மிகுதி எனப்பட்டது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவரையும் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், ஒரே குறியீட்டில் ஐரோப்பியரைவிட இம்மூவர் உடலிலும் கொழுப்பு மிகுதி எனக் கண்டனர். இந்தியரிடம் அது குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்திருந்தது. 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இதனை ஆராயக் கூடியது சிங்கப்பூரிலேதான். அதன் பின், 2005இல், சிங்கப்பூர் தன் எல்லைகளை 23, 27.5 எனத் தாழ்த்திக்கொண்டது. ஒல்லியாகத் தோன்றும் தமிழர் ஒருவர் வயிற்றினுள் கொழுப்பைச் சுமந்து நீரிழிவுக்கு ஆளாகக் கூடும். 2010ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியருள் 17.2 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது, சீனருள் 9.7. கண்ணால் பார்த்துப் பருத்தவர், மெலிந்தவர் எனப் பிரித்து வரிசையில் நிறுத்தும் முறை எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2007இல் கல்வி அமைச்சு பழைய திட்டத்தைக் கைவிட்டு, உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் தழுவிய முழுமை நல ஏற்பாட்டுக்கு மாறிற்று. 2011இல் பள்ளிகளில் நல்லுணவுத் திட்டம் வந்தது. முழுத்தானியம், காய், பழம், இறைச்சி ஆகியவற்றை அளவறிந்து தட்டில் சேர்ப்பதில் கவனம் சென்றது; தட்டை ஏந்துபவன் யார் எவர் என்று அது பார்க்கவில்லை. பருமன் ஒழிந்துவிட்டதோ என்றால் இல்லை. 2017இல் 13 விழுக்காடாயிருந்த எடை மிகுந்த மாணவர் விகிதம், கொள்ளைநோய்க் காலமான 2021இல் 16 விழுக்காடாயிற்று. பழைய திட்டமே சிறந்தது என்று இதைக் காட்டி வாதிடுவோரும் உளர். வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளையும், கைப்பேசியில் கேட்டவுடன் வாசலுக்கு வரும் உணவையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இடைவேளை ஓட்டத்தால் இவற்றை வெல்ல முடியுமென்று கருதுவதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவின் மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் அடைக்கப்பட்ட பானங்களில் சர்க்கரை அளவைக் காட்டும் தரக்குறி கட்டாயமாயிற்று. ஓராண்டு கழித்து, கடைகளில் உடனுக்குடன் கலந்து தரும் பானங்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. சிறு வணிகர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆதலால் தோ பாயோ லோரோங் 8 உணவங்காடியைப் போன்ற இடங்களில் சிறு தேநீர்க் கடைகள் குறி எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. அங்கே சர்க்கரை வேண்டாதவர், தம் தந்தையர் சொன்னது போலவே, 'தே ஓ கோசோங்' என்று சொல்லி வாங்கிக்கொள்கின்றனர்.